மினிட்டில் ஏறியதா?

போன இதழில் ‘உள்ளாட்சி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று ஆசிரியர் கட்டம் கட்டி அறிவித்திருந்தார். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மன்றக் கூட்டம், ஏரியா சபை பற்றித்தான். பதில் சொல்ல என்னைப் பிடித்ததற்குக் காரணம், ஒரு நகராட்சியின் மன்றப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கூட்டம் நடக்கும்போது சேர்மன் நாற்காலிக்குப் பக்கவாட்டில், ஒரு சின்ன மேசையில் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்திருப்பீர்கள். பத்திரிகை போட்டோவில் பாதி முகம் வெட்டுப்பட்டு வரும். அது நான்தான். எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

*

மன்றக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போகலாமா? ஒரு முறை போனேன். “நீங்க யாரு, எந்தக் கட்சி?” என்று வாசலில் கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

திரும்பி வந்திருக்கக் கூடாது சார். 1920-ஆம் வருடத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது. அதிலேயே மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்றுதான் வைத்திருந்தார்கள். தலைமை வகிப்பவர் ஒருவரை வெளியே போகச் சொல்லலாம். ஆனால் ஏன் போகச் சொன்னார் என்பதை மினிட்டில், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில், எழுத வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சூப்பரின்டென்ட் முதலில் சொல்லிக்கொடுத்ததே இதுதான்: “ஆளை வெளிய அனுப்பினா காரணத்தை எழுதும்மா.” அப்படி எழுதுகிற சந்தர்ப்பம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. வெளியே அனுப்ப முதலில் ஆள் உள்ளே வரவேண்டும் அல்லவா? கட்சிக்காரர், கான்ட்ராக்டர், நிருபர் இவர்களைக் கழித்துவிட்டால், என் சர்வீஸில் பார்வையாளர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம்.

இன்னொரு பிடியும் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4-ஆம் பிரிவு. ஒவ்வோர் அலுவலகமும் தன் மன்றம், குழு ஆகியவற்றின் கூட்டங்களில் பொதுமக்கள் கலந்துகொள்ளலாமா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதைத் தானாகவே வெளியிட்டு வைக்க வேண்டும். அதனால் வாசலில் நின்று “நான் வரலாமா?” என்று கெஞ்ச வேண்டாம். “உங்கள் 4-ஆம் பிரிவு வெளியீட்டில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேளுங்கள். கேட்ட தோரணையிலேயே நாற்காலி வந்துவிடும்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக ஆணையர் பெயருக்கு ‘பார்வையாளராக வர விரும்புகிறேன்’ என்று நாலு வரி எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே போனால் வாய் திறக்கக் கூடாது. அங்கே பேசுகிற உரிமை உறுப்பினர்களுக்குத்தான். நீங்கள் எழுந்து கத்தினால் மறுநாள் பேப்பரில் பெயர் வரும், மினிட்டில் வராது.

*

எங்கள் ஊரில் ஒரு மணி நேரத்தில் எழுபது, எண்பது தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். படித்துப் பார்க்கவே நேரம் போதாதே. இதெல்லாம் நாடகமா?
– மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர்

நாடகம் என்று சொல்ல மாட்டேன். நாடகம் என்றால் ஒத்திகை நடந்த இடம் வேறு, அவ்வளவுதான்.

மாதம் ஒரு தடவையாவது சாதாரணக் கூட்டம் நடக்கும். நடுவில் தேவைப்பட்டால் அவசரக் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் அஜெண்டா எனப்படும் பொருள் நிரல் உறுப்பினர் வீட்டுக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ‘அலுவலகக் குறிப்பு’ என்று ஒரு வரி இருக்கும். ‘மன்றம் அனுமதிக்கலாம்’ என்று முடியும். முழு விவகாரமும் அந்த ஒரு வரியில்தான். எந்தத் தெருவுக்குச் சாலை, எவ்வளவு மதிப்பீடு, எந்தத் திட்டத்தில் இருந்து பணம் எல்லாம் அந்த வரிக்கு வருவதற்கு முன்பே பொறியியல் பிரிவிலும் குழுக் கூட்டத்திலும் பேசி முடிந்திருக்கும். மாநகராட்சி என்றால் நிலைக்குழு, மண்டலக் குழு என்று இன்னும் இரண்டு படி. மன்றத்துக்கு வரும்போது பழம் பழுத்தாயிற்று, பறிப்பதுதான் பாக்கி. “ஒண்ணுல இருந்து எழுபத்திரண்டு வரைக்கும் ஆல் பாஸ்” என்று ஒரு குரல் கேட்கும், மேசை தட்டுவார்கள், நான் பேனாவை எடுப்பேன்.

இதில் நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது ஒரு சொல்: ‘முன் அனுமதி’. ‘பணியின் அவசரம் கருதி, தலைவரின் முன் அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்ட பணிக்கு மன்றத்தின் அனுமதி கோரப்படுகிறது’ என்று வந்தால், வேலை ஏற்கெனவே ஆரம்பமாகிவிட்டது, ஒருவேளை முடிந்தும்விட்டது என்று அர்த்தம். மழைக்காலத்தில் உடைந்த குழாயை அடைக்க மன்றம் கூடும்வரை காத்திருக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூங்காவுக்கு பெயின்ட் அடிக்க என்ன அவசரம்? ஒரு அஜெண்டாவில் முன் அனுமதிப் பொருள்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்த மன்றத்தின் ஆரோக்கியம் தெரிந்துவிடும்.

*

எங்கள் கவுன்சிலர் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பவே இல்லையாம். எதற்கு வருகிறார்?
– பெயர் வெளியிட விரும்பாதவர்

தொடர்ந்து மூன்று மாதம் கூட்டத்துக்கு வராவிட்டால் பதவி போய்விடும் என்பதற்காக வருகிறார். வருகைப் பதிவேட்டுக் கையெழுத்து காப்பாற்றுகிறது. டீக்கடையைக் கணக்கில் எடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

*

கலிஃபோர்னியாவில் என் பையன் குடியிருக்கும் ஊரில் யார் வேண்டுமானாலும் கவுன்சில் கூட்டத்தில் மைக் முன்னால் நின்று பேசலாமாம். நம் ஊரில் ஏன் இல்லை?
– ஓர் அம்மா

உங்கள் பையன் சொன்னது சரிதான் அம்மா. அந்த மாநிலத்தில் 1953-லிருந்து பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சாதாரணக் கூட்டத்தின் அஜெண்டாவை 72 மணி நேரம் முன்னதாக எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்ட வேண்டும். வந்தவர்களைப் பேச விட வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று அளந்து கொடுப்பார்கள். ஆனால் பையனிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். அஜெண்டாவில் இல்லாத ஒரு விஷயத்தை ஒருவர் எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், அன்றைக்கு அந்த மன்றம் அதில் முடிவெடுக்க முடியாது. விதிவிலக்குகள் மிகக் குறைவு. அங்கேயும் பேச்சு காகிதத்தில் ஏறினால்தான் காரியம் நகரும்.

நம் ஊரில் மன்றத்துக்குள் மைக் இல்லை. அதற்குப் பதில் மன்றத்துக்குக் கீழே ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

*

ஏரியா சபை, வார்டு கமிட்டி என்கிறார்கள். கிராம சபை மாதிரியா? அதில் நாங்கள் என்ன செய்ய முடியும்?
– கல்லூரி மாணவி

கிராம சபைக்கு அண்ணன் தம்பி முறை, இரட்டைப் பிள்ளை கிடையாது. 1992-ல் கொண்டுவந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி கட்டாயம் என்றது. தமிழ்நாட்டில் வார்டு கமிட்டிக்கும் ஏரியா சபைக்கும் சேர்த்து விதிமுறை வந்தது 2022-ல். முப்பது வருடம். அதற்குள் நான் கல்யாணம் முடித்து, பிள்ளைகளைக் கரையேற்றி ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, முதல் ஏரியா சபைகள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்ததற்கு முதலமைச்சர் ஸ்டாலினே வந்தார்.

அமைப்பு எளிது. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரிப்பார்கள். அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் ஏரியா சபை. உங்களுக்கு ஓட்டு இருந்தால் நீங்களும் உறுப்பினர், யாரும் அழைக்க வேண்டியதில்லை. பகுதிக்கு ஒரு பிரதிநிதி. அவர்கள் எல்லாம் சேர்ந்து, கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டி. எனக்கு இதில் உள்ள மனக்குறை, அந்தப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். கவுன்சிலருக்கு வேண்டியவர் வந்து உட்கார அது போதும்.

வருடத்துக்கு நான்கு தேதி: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எந்த இடம், எத்தனை மணி என்பது பல நேரம் முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில்தான் வரும். என்னைக் கேட்டால் நாலில் முக்கியம் ஜனவரி 26. பட்ஜெட் மார்ச்சுக்குள் மன்றத்துக்கு வந்தாக வேண்டும். உங்கள் தெரு வேலை அதில் சேர வேண்டுமானால் மதிப்பீடு போட அதற்கு முன்னால் நாள் வேண்டும். ஏப்ரல் 14 அன்று கேட்டால் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பார்கள். அதில் பொய்யும் இருக்காது.

போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போவது? ‘எங்கள் ஏரியாவுக்கு வசதிகள் செய்து தர வேண்டும்’ என்ற மனு வேண்டாம். அதை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்றே எழுத்தருக்குத் தெரியாது, பழைய காகிதக் கட்டுக்குள் போய்ச் சேரும். ‘இன்ன தெருவில், இந்தக் கம்ப எண்ணிலிருந்து இந்தக் கம்ப எண் வரை மூன்று விளக்கு எரியவில்லை’ என்று எழுதுங்கள். ஒரு காகிதத்துக்கு ஒரு விஷயம். ஐந்து விஷயம் இருந்தால் ஐந்து காகிதம், ஐந்து பேர் எழுந்து ஆளுக்கு ஒன்றைச் சொல்லட்டும். பேசி முடித்ததும் கோரிக்கையாக விடாமல் “இதைத் தீர்மானமாகப் போடுங்கள்” என்று கேளுங்கள். எழுதியதை அங்கேயே வாசிக்கச் சொல்லுங்கள். கையெழுத்து அதற்கு அப்புறம்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஓய்வு பெற்றபின் என் தெருவில் நடந்த சபைக்கு நானும் போனேன். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, முக்கால் மணி நேரம் வரவேற்புரை. நடுவில் ஒரு நோட்டு கை மாறிக் கை மாறி வந்தது. வந்தவர்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முன்பக்கம் புரட்டினேன். தீர்மானம் எழுத வேண்டிய பக்கம் வெள்ளையாக இருந்தது. “என்னம்மா இது?” என்றேன். “அப்புறம் எழுதிக்கிறோம்மா, நீங்க கையெழுத்துப் போடுங்க” என்றாள் நோட்டை வைத்திருந்த அலுவலகப் பெண். சின்னப் பெண், வேலைக்குப் புதிது. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. இதே வாக்கியத்தை இதே குரலில் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று தீர்மானத்தை அவளோடு சேர்ந்து எழுதி முடித்து, கவுன்சிலரை வாசிக்க வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

*

எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு பெண். ஆனால் சபையில் பேசுவது, பதில் சொல்வது எல்லாம் அவர் கணவர்தான். இது சரியா?
– குடும்பத் தலைவி

சரியில்லை. 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்கு ஐம்பது சதவீதம் என்று சட்டம் திருத்தியது கணவன்மார்களுக்காக இல்லை. அந்தக் கணவர் அந்தப் பகுதி வாக்காளராக இருந்தால் உங்களைப் போல் எதிரே நாற்காலியில் உட்காரலாம், மேடையில் இடமில்லை. உங்கள் கேள்வியை அவரைப் பார்க்காமல் கவுன்சிலரைப் பார்த்து, “அம்மா, நீங்க சொல்லுங்க” என்று கேளுங்கள். இரண்டு தடவை தடுமாறுவார். மூன்றாவது தடவை பதில் வரும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்: அஜெண்டாவைக் கணவரிடம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, இரண்டாவது வருடத்தில் எழுந்து நின்று பொறியாளரிடம், முடிந்த வேலையின் அளவை எழுதிவைக்கும் அளவுப் புத்தகம் கேட்டார்.

*

கரன்ட் அடிக்கடி போகிறது, ரேஷனில் பருப்பு இல்லை, டாஸ்மாக் கடையை மாற்ற வேண்டும். ஏரியா சபையில் எதைச் சொன்னாலும் “இது எங்க வேலை இல்லை” என்கிறார்கள்.
– ஆட்டோ ஓட்டுநர்

நீங்கள் சொன்ன மூன்றும் நிஜமாகவே அவர்கள் வேலை இல்லை தம்பி. கரன்ட் மின்வாரியம், ரேஷன் உணவு வழங்கல் துறை, கடை இன்னொரு துறை. தெருவிளக்கு, குப்பை, உட்தெருச் சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, சுடுகாடு, பிறப்பு இறப்புச் சான்று, சொத்துவரி இவை மன்றத்துடையவை. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் பெரும்பாலான ஊர்களில் நகராட்சிதான், சென்னையில் மட்டும் மெட்ரோ வாட்டர். சாலையில் பள்ளம் என்றால் அது உள்ளாட்சிச் சாலையா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் கேட்டுவிடுங்கள், ஒரு மாதம் மிச்சமாகும். டாஸ்மாக் விஷயத்தை மட்டும் விடாதீர்கள். மன்றத்தால் கடையை மூட முடியாது, ஆனால் ‘மாற்றக் கோரி’ தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பத் தடையில்லை.

*

வரியை ஏற்றும்போது மட்டும் எங்களைக் கேட்பதில்லையே?
– வீட்டு உரிமையாளர்

கேட்டார்கள் சார், உங்கள் கண்ணில் படவில்லை. 2022 ஏப்ரலில் சொத்துவரியைச் சீராய்வு செய்து, குடியிருப்புகளுக்கு 25 முதல் 150 சதவீதம் வரை உயர்வு வந்தபோது, மன்றங்கள் தீர்மானம் போட்டு, ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம் என்று அறிவிப்பு வெளியிட்டன. அந்த மாதிரி அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரத்துக்குப் பக்கத்தில், எறும்பு எழுத்தில் இருக்கும். குடியிருப்போர் சங்கத்தில் பேப்பர் படிக்கிற பெரியவர் ஒருவருக்கு அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கிற வேலையைக் கொடுங்கள்.

*

உத்திரமேரூர் குடவோலை காலத்திலேயே நமக்கு ஜனநாயகம் இருந்ததே, இப்போது ஏன் இந்த நிலை?
– தமிழ் ஆர்வலர்

பெருமைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டில் பானையையும் ஓலையையும்விட எனக்குப் பிடித்தது தகுதி பற்றிய பகுதி. வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. இந்த ஒரு விதியை இப்போது கொண்டுவந்தால் எத்தனை வார்டில் வேட்பாளர் கிடைப்பார்?

*

எங்கள் தெருவுக்குச் சாலை போட்டதாகத் தீர்மானம் இருக்கிறது என்கிறார்கள். தெருவில் சாலை இல்லை. தீர்மான நகல் எப்படி வாங்குவது?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். ‘ஏன் போடவில்லை?’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் காரணம் எழுதித் தர மாட்டார்கள். ஆவணம் கேளுங்கள்: ‘இன்ன தேதியில் நடந்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரல், இன்ன எண் தீர்மானம், அதன் அலுவலகக் குறிப்பு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல்.’ பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு. அளவுப் புத்தகத்தை விட்டுவிடாதீர்கள், மற்றதெல்லாம் அதற்குத் துணைக்குத்தான். போடாத சாலைக்கு நீளம், அகலம், கனம் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் யார் என்பது அதில் இருக்கும்.

*

உங்கள் சர்வீஸில் நீங்கள் எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.
– பழைய வாசகி

உண்டு.

பார்வையாளர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்கள் சொற்பம் என்றேனே, அதில் ஒருவர் தையல்காரப் பெண். அவர் தெருமுனையில் சிறுபாலம் இடிந்து கிடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலகையில் நடந்து போகும். கவுன்சிலரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவரே கூட்டத்துக்கு வந்துவிட்டார். மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பேச மாட்டார். யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவார். அவரைப் பார்த்ததும் கவுன்சிலருக்கு எப்படியோ அந்தப் பாலம் ஞாபகம் வந்து, எழுந்து பேசினார். “பரிசீலனையில் உள்ளது” என்று அதிகாரி சொன்னார். அடுத்த மாதமும் இதே கேள்வி, இதே பதில்.

மூன்றாவது மாதம் கூட்டம் முடிந்து நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். “அக்கா, எங்க பாலத்தைப் பத்திப் பேசினதை எழுதினீங்களா?”

நான் எழுதியிருக்கவில்லை. உறுப்பினர்கள் பொதுவாகப் பேசுவதை நாங்கள் எழுதுவதில்லை, தீர்மானத்தை மட்டும்தான் எழுதுவோம். அதுதான் பழக்கம், யாரும் அதுவரை கேட்டதுமில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் தன் நோட்டைத் திறந்து காட்டினார். மூன்று மாதத் தேதி, மூன்று பதில், சொன்னவர் யார், எல்லாம் இருந்தது. என் மினிட் புத்தகத்தில் பாலமே இல்லை.

நான்காவது கூட்டத்தில் கவுன்சிலர் அந்த நோட்டை வாங்கி, மூன்று பதிலையும் தேதியோடு வாசித்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “இது தீர்மானமாகப் பதிவு செய்யப்பட வேண்டும்” என்றார். சேர்மன் என்னைப் பார்த்தார். எழுதினேன். அதற்கு அடுத்த அஜெண்டாவில் மதிப்பீட்டோடு வந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். பாலம் இருக்கிறது. அகலம்தான் போதாது, ஆட்டோ போகும், தண்ணீர் லாரி போகாது. தையல் கடை பூட்டியிருந்தது, சாப்பிடப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.